ஆயிரம் அடி போரா, அறுபது அடிக் கிணறா?

போன வருஷம் மாசி மாதம் எங்கள் தோட்டத்து ஆழ்துளைக் கிணறு, எங்கள் பேச்சில் 'போர்', காற்றடிக்க ஆரம்பித்தது. 650 அடி போர். மோட்டார் போட்டால் இருபத்தைந்து நிமிடம் தண்ணீர் வரும். அப்புறம் குழாய் ஒருமுறை இருமும், வெள்ளையாக நுரை தள்ளும், நின்றுவிடும். ஊதியூர்ப் பக்கம் நாலு ஏக்கர், 280 தென்னை. கீழ்பவானி வாய்க்கால் கசிவும் கிடையாது, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்காலும் கிடையாது. மழையும் மண்ணுக்கடியில் இருப்பதும்தான் கதி.

பொழி தாண்டினால் மாமா தோட்டம். அவர் வந்து பார்த்துவிட்டு ஒரே பேச்சில் முடித்தார்: "ரோசனையே வேண்டாம் மாப்ள. திருச்செங்கோட்டு போர் வண்டி ஒண்ணு காங்கேயத்துல நிக்குது. ஆயரம் அடி ஓட்டிப் போடலாம்."

கையில் இருந்தது மூன்று லட்சம். அதை எதில் போடுவது? ஆயிரம் அடி புது போர் ஒரு வழி. இருபது வருஷமாக மட்டையும் பிளாஸ்டிக்கும் கொட்டிக் கிடந்த அப்பாரு காலத்துக் கிணற்றைத் தூர்வாரி, உள்ளே பக்கவாட்டில் படுக்கையாகத் துளையிடும் சைடு போர் போடுவது இன்னொன்று. மழைத் தண்ணீரை அந்தக் கிணற்றுக்கே திருப்பிவிடுவது மூன்றாவது. தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை என்று நாலாவதாக ஒருவர் சொன்னார். முடிவெடுக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதில் இரண்டு வாரம் வெறும் அளவெடுப்பு. அந்த இரண்டு வாரத்துக்குச் செலவு முடிச்சுப் போட்ட ஒரு நூல்கயிறு, ஒரு டிரம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டர்.

நம் பக்கத்தில் தண்ணீரை இஞ்ச்சில் சொல்வார்கள். "ரெண்டு இஞ்ச் தண்ணி விழுகுது." எவ்வளவு நேரம் விழுகிறது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் போரில் 200 லிட்டர் டிரம் 2 நிமிடம் 40 விநாடியில் நிரம்பியது. நிமிடத்துக்கு 75 லிட்டர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபத்தைந்து நிமிடம் ஓடினால் திரும்ப ஊற ஐந்து மணி நேரம். நாளுக்கு நாலு தடவை ஓட்டினால் 7,500 லிட்டர். தென்னைக்குச் சொட்டுநீரில் கோடையில் மரத்துக்கு 80 லிட்டர் என்று வைத்தாலும் 280 மரத்துக்கு 22,400 லிட்டர் வேண்டும். மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. இந்தக் கணக்கில் போரின் ஆழம் எங்கேயும் வரவில்லை, ஊறுகிற வேகம் மட்டும்தான் வருகிறது. மாமாவுக்கும் எனக்கும் சண்டை தொடங்கிய இடம் இதுதான்.

கொங்கு மண்ணுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் கடினப்பாறை. நைஸ், சார்னோகைட் வகை. காவிரி டெல்டா மாதிரி மணல் படுகை கிடையாது. மேலே மண், மொரம்பு, சுக்கான், அப்புறம் உதிர்ந்த பாறை. எல்லாம் சேர்த்துச் சில பத்து அடி, சில இடத்தில் நூறு அடி. தண்ணீர் தங்குவது முக்கியமாக அங்கேதான். அதற்குக் கீழே கெட்டிப் பாறை, அதில் அங்கங்கே வெடிப்பு. ரிக் வண்டிக்காரர்கள் 'கேப்' என்று சொல்வது இந்த வெடிப்பைத்தான்.

வெடிப்பில் தண்ணீர் ஓடுவதற்கு ஒரு விதி உண்டு: ஓட்டம் இடுக்கின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். ஒரு மில்லிமீட்டர் இடுக்கு அரை மில்லிமீட்டராகச் சுருங்கினால் ஓட்டம் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். கீழே போகப் போக மேல்பாறையின் கனம் இடுக்கை அழுத்தி மூடும். அதனால்தான் 300 அடிக்குள் கேப் கிடைத்த போர் காலத்துக்கும் ஓடுவதும், 900 அடியில் கேப் கிடைத்த போர் ஒரே கோடையில் இளைப்பதும் அடிக்கடி நடக்கிறது. 900 அடியில் நல்ல கேப் கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லவில்லை. கிடைக்கும். ஆனால் அது லாட்டரிச் சீட்டு மாதிரி; அடிக்கு அடி ஏறும் கட்டணத்தில் வாங்கும் சீட்டு.

மாமாவிடம் எடுபட்டது வேறொரு கணக்கு. ஆறரை இஞ்ச் போர் ஆயிரம் அடிக்கும் முழுக்க நிரம்பி நின்றால் உள்ளே இருப்பது சுமார் 6,500 லிட்டர். எங்கள் கிணறு முப்பதுக்கு முப்பது அடி. அதில் ஒரு அடி தண்ணீர் என்றால் 25,000 லிட்டருக்கு மேல். ஆக, ஆயிரம் அடி போர் முழுவதும் என் கிணற்றில் மூன்று இஞ்ச். "அட!" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "கெணத்துல மூணு இஞ்ச்சாச்சும் இருக்குதா?" என்றார். நியாயமான கேள்வி.

இருந்தது. கிரேன் வைத்து ஒரு வாரம் தூர்வாரிய பிறகு, 62 அடி ஆழத்தில் தரை தெரிந்தது. மீதித் தண்ணீரை இறைத்துவிட்டுச் சாயங்காலம் ஆறு மணிக்குச் சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டேன். காலை ஆறு மணிக்குக் கோட்டுக்கு மேலே ஐந்து இஞ்ச் தண்ணீர். 10,600 லிட்டர், ஒரே ராத்திரியில், மாசி மாதத்தில். 650 அடி போர் நாள் முழுக்கக் கொடுப்பதைவிட அதிகம். ஆனால் பத்து நாள் தொடர்ந்து இறைத்ததில் ஐந்து இஞ்ச் மூன்றாகக் குறைந்தது. சுற்றியுள்ள உதிர்பாறையில் இருந்த சேமிப்பு கரைகிறது என்று அர்த்தம். கிணற்றின் பக்கம் சாய்ந்திருந்த எனக்கு இது ஒரு கொட்டு.

தண்ணீரின் குணமும் கணக்கில் வரவேண்டும். போர்த் தண்ணீரின் டி.டி.எஸ். 1,900. கிணற்றில் 1,100. இரண்டுமே சிறுவாணி அல்ல. ஆனால் 1,900 என்றால் ஒரு லிட்டரில் கிட்டத்தட்ட இரண்டு கிராம் உப்பு. நாளுக்கு 22,400 லிட்டர் அந்தத் தண்ணீர் பாய்ச்சினால் மண்ணில் இறங்குவது 42 கிலோ உப்பு. வருஷத்தில் 200 நாள் பாய்ச்சினால் எட்டரை டன். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும் என்பதால் நாம் கவனிப்பதில்லை. மழை நன்றாகப் பெய்து கழுவிவிடும் ஊரில் இது பெரிய விஷயமில்லை; எங்கள் பக்கம் ஆண்டு மழையே 600 மில்லிமீட்டர் சொச்சம்தான். ஊடுபயிராகக் காய்கறி போடலாம் என்று நினைப்பவர்கள் போர் ஓட்டுவதற்கு முன் பக்கத்துத் தோட்டத்து ஆழ போரின் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மீட்டரை முக்கிப் பார்ப்பது நல்லது.

ஆழத்துத் தண்ணீர் ஏன் உப்பாகிறது? பாறையோடு அதிக காலம் உறவாடிய தண்ணீர் அது. பாறையிலிருந்து சோடியம், ஃபுளோரைடு எல்லாம் மெல்லக் கரைந்து சேரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துப் பல்லில் காவி படியும் கதை இந்த ஃபுளோரைடால்தான். குடிநீரில் அதற்கு இந்தியத் தரநிலை லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. இதை டி.டி.எஸ். மீட்டர் காட்டாது. 400 டி.டி.எஸ். காட்டும் இனிப்பான தண்ணீரிலும் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கலாம், ஆய்வகத்துக்குத்தான் போகவேண்டும். கிணற்றுக்கு வேறு வியாதி. மாட்டுக் கட்டுத்தரையும் கக்கூஸ் குழியும் பக்கத்தில் இருந்தால் நைட்ரேட்டும் கிருமியும் இறங்கும். நைட்ரேட்டுக்கு வரம்பு 45 மில்லிகிராம். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. ஆகக் குடிப்பதற்கென்று பார்த்தால் இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குக் கூரையே போதும் என்று கண்டுபிடித்தது இந்த மூன்று வாரத்தில் கிடைத்த உபரி. 1,500 சதுர அடி மொட்டை மாடியில் 600 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்துவது சிதறுவது போக 70,000 லிட்டர். வீட்டில் நாலு பேர் குடிக்க, சமைக்க வருஷத்துக்கு 7,300 லிட்டர் போதும். பத்தாயிரம் லிட்டர் மூடிய தொட்டி ஒன்று, முதல் மழையை வெளியே தள்ளிவிட ஒரு வால்வு, ஆர்.ஓ. மிஷினே வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். தண்ணீர் இல்லை என்று புலம்பும் வீட்டில் அது எனக்கு உறுத்தும். அதே 70,000 லிட்டரைத் தென்னைக்கு விட்டால் மூன்று நாளைக்குத்தான் வரும். கூரைத் தண்ணீரைக் கிணற்றில் விட்டால் தோட்டமே செழிக்கும் என்று பேசுபவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்ததில்லை போலும்.

தோட்டத்துக்குத் தோட்டத்து மழைதான். நாலு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் ஒரே அடியாகப் பெய்தால் விழுவது 8 லட்சம் லிட்டர். கால்வாசி ஓடி வந்தால் 2 லட்சம். ஐப்பசி, கார்த்திகையில் அப்படி ஐந்து மழை கிடைத்தால் 10 லட்சம் லிட்டர். தென்னைக்கு ஒன்றரை மாதத் தண்ணீர். உதிர்பாறையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் தண்ணீர் தங்கும் இடம் என்று வைத்தால், அந்த 10 லட்சம் லிட்டர் என் நாலு ஏக்கருக்கு அடியிலேயே நின்றால் மட்டம் பத்து அடி ஏறும். நிற்காது என்பது வேறு. மாமா அதைத்தான் பிடித்துக்கொண்டார்: "நீ ஊத்துவ, நான் உறிஞ்சுவேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் பொய்யில்லை. மேடு உண்டாக்கினால் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும், சுற்றி மோட்டார் ஓடினால் இன்னும் வேகமாக ஓடும். 1856-ல் பிரான்ஸில் ஹென்றி டார்சி மணல் குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்துச் சொன்ன விதி இது: மட்ட வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு ஓட்டம். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடக்கூடாது என்று ஈரோட்டுப் பக்கம் விவசாயிகள் போராடினார்களே, வாய்க்கால் கசிவில் அவர்கள் கிணறு ஊறுவதும் இதே விதியால்தான்.

பண்ணைக்குட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முப்பதுக்கு முப்பது மீட்டர் குட்டையில் கோடை வெயில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் குடித்தால் 5,400 லிட்டர் ஆவியாகப் போகும். என் போர் கொடுப்பதே 7,500. போதாததற்கு 22 சென்ட் நிலமும் பதினைந்து மரமும் போகும். வாய்க்கால் முறைத்தண்ணீர் வருபவர்களுக்கு, அதைப் பிடித்துவைக்க, குட்டை அருமையான ஏற்பாடு. எங்களுக்கு இல்லை.

புது போருக்கு எங்களுக்குச் சொன்ன கணக்கு: ஓட்டவும் காசிங்குக்கும் ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம், மோட்டார், குழாய், கேபிள் இன்னொரு லட்சம் சொச்சம். தண்ணீர் வராவிட்டால் முதல் ஒன்றரை லட்சம் மண்ணோடு போகும். கரண்ட் இலவசம் என்பதால் இறைக்கும் செலவை யாரும் பார்ப்பதில்லை. 600 அடியிலிருந்து ஆயிரம் லிட்டர் தூக்க ஒன்றேகால் யூனிட் ஆகும், 50 அடிக் கிணற்றிலிருந்து என்றால் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. யாரோ எங்கேயோ கட்டுகிற காசு.

இடம் பார்க்க இரண்டு பேரை அழைத்திருந்தோம். ஒருவர் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடந்தார். வடகிழக்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. இன்னொருவர் நாலு கம்பி ஊன்றி மின்சாரம் விட்டுப் பாறையின் தடையை அளந்தார். கிணற்றடியில்தான் உதிர்பாறை கனமாக இருக்கிறது, கீழே எப்படி என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த முறைக்கு மேலடுக்கின் கனம் நன்றாகத் தெரியும், 500 அடிக்குக் கீழே இருக்கும் மெல்லிய வெடிப்பு தெரிவது கஷ்டம். தெரியாது என்று வாயால் சொன்னவருக்கே நான் காசை மனமாரக் கொடுத்தேன்.

கடைசியில் செய்தது இதுதான். முதலில் சொட்டுநீரைச் சரிசெய்தோம். சிறு, குறு விவசாயிக்கு அரசு முழு மானியம் தருகிறது, அதை விட்டுவைத்ததே தப்பு. அப்புறம் கூரைத் தொட்டி. அப்புறம் கிணற்றின் அடியில் நாலு திசையிலும் சைடு போர். வடக்குப் பக்கத்தில் மட்டும் பெருவிரல் கனத்துக்குத் தண்ணீர் வந்தது. மற்ற மூன்றிலும் ஈர மண்ணோடு சரி. வெடிப்புகள் செங்குத்தாக இருக்கும் பாறையில் படுக்கையாகத் துளை போனால் நாலைந்தைக் குறுக்கே வெட்டும் வாய்ப்பு உண்டு, அதுதான் சைடு போரின் தத்துவம். நாலில் ஒன்று பலித்தது. கடைசியாக மழைத் தண்ணீருக்கு வடிகட்டிக் குழி.

இந்தக் குழியில்தான் நான் கோட்டைவிட்டேன். அடியில் பெருங்கல், அதன்மேல் ஜல்லி, மேலே மணல் என்று முறையாகத்தான் போட்டோம். ஆனால் உழுத காட்டுத் தண்ணீரை நேராகத் திருப்பிவிட்டேன். முதல் பெருமழையில் அரை மணி நேரம் ஜோராக இறங்கியது, அப்புறம் நின்றது. தண்ணீர் வண்டித்தடத்தில் ஏறி ஓடிப் பள்ளத்தில் சேர்ந்தது. மறுநாள் மணலைக் கிளறினால் மேலே பால் ஏடு மாதிரி களிமண் தோல், இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. அடியில் மூன்றடி மணல் சும்மா காய்ந்து கிடக்கிறது! அடுக்கடுக்காக இருக்கும் வழியில் எந்த அடுக்கு ரொம்ப இறுக்கமோ அதுதான் ஓட்டத்தைத் தீர்மானிக்கும். தோலைச் சுரண்டி எடுத்தோம். முன்னால் ஒரு தெளியும் குழி வெட்டினோம். உழுத காட்டை விட்டுவிட்டுக் மேய்ச்சலுக்கு விட்ட கொரங்காட்டுப் பக்கத்துத் தண்ணீரைத் திருப்பினோம். கொழுக்கட்டைப்புல் மண்ணைப் பிடித்து வைத்திருப்பதால் அந்தத் தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில்கூட வராது. அடுத்த மழையில் ராத்திரி முழுக்க இறங்கியது.

நொய்யல் கரையில் இருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்றக் கூடாது. திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி அந்தச் சுற்றுவட்டாரக் கிணறுகளையே உப்பாக்கியது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்குப் போன விஷயம் அது. அங்கே ஓடைத் தண்ணீரைக் கிணற்றுக்குள் விடுமுன் சோதித்துப் பார்த்தே ஆகவேண்டும். அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தில் தண்ணீர் வரும் 1,045 குளம் குட்டைகளில் ஒன்று பக்கத்தில் இருந்தால், கணக்கு உங்கள் பக்கம். 2024 ஆகஸ்டில் திட்டம் தொடங்கியிருக்கிறது, குட்டை நிரம்பும் வருஷத்தில் கிணறு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

கிணறே இல்லாதவர், ஒரு ஏக்கருக்குள் வீடு மட்டும் வைத்திருப்பவர், மாட்டுக்கும் புழக்கத்துக்கும் நாளுக்கு ஆயிரம் லிட்டர் போதும் என்பவர், இவர்களுக்கு போர்தான் சரி என்பேன். 300 அடியில் கேப் வந்தால் அங்கேயே நிறுத்தச் சொல்வேன். வண்டிக்காரர், "இன்னும் நூறடி பார்த்துடலாம்" என்பார்.

மார்கழி முடிவில் கிணற்றில் 19 அடி தண்ணீர் நின்றது, டி.டி.எஸ். 640. இந்த மாசியில் 11 அடி. இதில் எவ்வளவு என் குழி ஏற்றியது, எவ்வளவு மழையே ஏற்றியது என்று பிரிக்க எனக்கு வழியில்லை. போன ஐப்பசி மழையும் நன்றாகத்தான் இருந்தது.

மாமா தை மாதத்தில் போர் ஓட்டினார். 980 அடி. 700 வரை வெறும் பாறைத்தூள் புகை. அப்புறம் ஒரு இஞ்ச் தண்ணீர். என் பழைய போரிலிருந்து நானூறு அடி தள்ளி. அவர் மோட்டார் போட்ட முதல் நாள் நான் நூல்கயிற்றோடு நின்றேன். கிணற்றில் சாக்கட்டிக் கோடு அசையவில்லை. பழைய போரில் ஒரு மணி நேரத்தில் 14 அடி இறங்கியது. இரண்டும் ஒரே கேப்பில் குடிக்கின்றன. கயிற்றைக் காட்டினேன். மாமா ஈரமான முடிச்சுக்கும் உலர்ந்த முடிச்சுக்கும் நடுவே விரலால் அளந்து பார்த்தார்.

"அப்ப நாளைக்கு நீ ஓட்டு மாப்ள, நாளான்னைக்கு நான் ஓட்டறன்" என்றார்.